சுழி பார்த்து வாங்கிய துப்பாக்கி

எனக்கு இருபத்தொன்பது வயது ஆகிறது. போன தை மாதம் பணி ஓய்வு பெற்றேன்.

சொன்னால் சிரிக்கிறார்கள். நடந்தது இதுதான். கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த துப்பாக்கிக் கடையில் முதலாளி, நான் என்று இரண்டே பேர். முதலாளி வெங்கிடுபதி சாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. மகன்கள் இருவரும் நூல் வியாபாரத்துக்குப் போய்விட்டதால், கடை உரிமத்தை ஒப்படைத்துவிட்டு மூடிவிடலாம் என்று முடிவெடுத்தார். தனக்கு மட்டும் விழா எடுத்துக்கொண்டால் மரியாதையாக இருக்காது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. மண்டபம் பிடித்து, பேனரில் இருவர் படத்தையும் ஒரே அளவில் போட்டு, எனக்கும் சேர்த்துப் பணி நிறைவு விழா நடத்திவிட்டார். ஆளுக்கொரு சால்வை, ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம். பேச வந்த பெரியவர் ஒருவர், இருவரும் இனிப் பேரன் பேத்திகளோடு நிம்மதியாக இருக்கவேண்டும் என்று வாழ்த்தினார். எனக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஓய்வுபெற்றவனிடம் யோசனை கேட்க ஆட்கள் வருவது சகஜம்தானே. சுடுதளத்துக்கு வருகிற தம்பிகளும் தங்கைகளும் செல்பேசியில் இரண்டு படங்களைக் காட்டி, "அண்ணா, இந்த மாடலா அந்த மாடலா?" என்று கேட்கிறார்கள். இரண்டுமே ஒரு குழல் மேல் ஒரு குழல் அமைந்த துப்பாக்கிகளாக இருக்கும். குழல் நீளம், எடை, விசையின் மென்மை எல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். நான் ஒரே வார்த்தையில் பதில் சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். என்னால் முடிவதில்லை. மாடல் தேர்வு என்றதும் எனக்குத் தாரணியின் துப்பாக்கி நினைவுக்கு வந்துவிடும். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குபவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டியது நான்தான் முதல். இயற்பியல் படித்துவிட்டு வேலை தேடியபோது இந்தக் கடையில் ஆள் கேட்டிருந்தார்கள். நேர்முகத் தேர்வில் சார் இரண்டு கேள்விதான் கேட்டார்.

"தம்பிக்குக் கோவம் வருங்களா?"

"வராதுங்க சார்."

"பசிச்சா?"

யோசித்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "பசிச்சா கொஞ்சம் வருங்க."

"அப்பப் பதனோரு மணிக்கு டிபன் சாப்புட்டுக்கங்க. நாளைல இருந்து வாங்க."

அம்மா உறவுக்காரர்களிடம் நான் இரும்புக் கடையில் இருப்பதாகச் சொன்னார். அது ஒன்றும் பொய்யில்லை. தேர்தல் சமயங்களில் உரிமம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் தங்கள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடவேண்டும். அப்போது சாரும் நானும் ஈ ஓட்டிக்கொண்டே எண்ணெய்த் துணியால் திருகுகளைத் துடைப்போம். திருகு, விசை, உறை என்று நான் தொழில் படித்ததெல்லாம் பெரும்பாலும் தேர்தல் காலங்களில்தான்.

சாரின் தன்மையைச் சொல்லவேண்டும். நரைத்த மீசை, வெள்ளைச் சட்டை, எப்போதும் தாழ்ந்த குரல். வாடிக்கையாளர், டீ கொண்டுவரும் பையன், வாசலில் படுக்கும் நாய் என்று எல்லோருக்கும் 'ங்க' போடுவார். துப்பாக்கிகளுக்கும் போடுவார். "இவுங்க கொழல் அளவு பன்னெண்டு போருங்க. இத்தாலில இருந்து வந்திருக்கறாங்க. சித்த கனமா இருப்பாங்க, பாத்து வாங்கிக்கங்க" என்று சொல்லித்தான் கையில் கொடுப்பார். முதல்முறை வருகிறவர்கள் யாரோ வெளிநாட்டு விருந்தாளி உள்ளே இருப்பதாக நினைத்து எட்டிப் பார்ப்பார்கள்.

ஒருமுறை பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். இரண்டு குழலும் பக்கம் பக்கமாக வைத்த பழைய துப்பாக்கிதான் வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று வேண்டாம் என்றார். காரணம் கேட்டோம்.

"எனக்கு ரெண்டு பசங்கங்க. சொத்துப் பிரிக்கற நேரம். மேல இருக்கறது அண்ணனா தம்பியான்னு ஊட்டுல ஒரு பேச்சு வந்துறக் கூடாதுங்க."

சார் சிரிக்கவில்லை. "கீழ இருக்கறவருதாங்க அண்ணன். மொதத் தோட்டா அவரு வழியாத்தான் போகும். தம்பி மேல நின்னு வேடிக்கை பாத்துப்போட்டு அடுத்ததாப் போவாருங்க" என்றார். தோட்டக்காரர் மறுநாள் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு வந்து, அதே விளக்கத்தை அவர்களுக்கும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒன்றின் மேல் ஒன்று வைத்ததையே வாங்கிப் போனார். தொழில்நுட்பப்படியும் சார் சொன்னது சரிதான். பெரும்பாலான துப்பாக்கிகளில் கீழ்க்குழல்தான் முதலில் சுடும்.

தட்டுச் சுடுதலுக்குத் துப்பாக்கி தேர்ந்தெடுக்க வருகிறவர்களுக்கு எங்கள் கடையில் ஒரு முறை இருந்தது. களிமண் தட்டு என்று பெயர்தானே தவிர, சுண்ணாம்புத் தூளும் தாரும் கலந்து செய்த சின்னச் சாசர் அது. முன்னால் ஒரு குழிக்குள் இருக்கும் எந்திரம் அதை வானத்தில் வீசும். எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டித் தெரியாது. விழுவதற்குள் உடைக்கவேண்டும். குறிபார்த்து நிதானமாகச் சுட நேரமில்லை. அதனால் துப்பாக்கியைத் தூக்கிய மாத்திரத்தில் அது கண் பார்க்கிற இடத்தைப் பார்க்கவேண்டும். இந்தத் துப்பாக்கிகளில் குழல் முனையில் ஒரு சின்ன மணி மட்டும் இருக்கும். பின்னால் குறி கிடையாது. சுடுகிறவர் கண்தான் பின்குறி. கன்னம் எங்கே பதிகிறதோ, கண் அங்கே நிற்கும்.

ஆகவே சார் முதலில் இரண்டு கண்ணில் குறியைப் பிடிப்பதில் முந்துவது எது, அதாவது எது ஆளுகிற கண் என்று பார்ப்பார். அப்புறம் துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரண்டு குழலிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று தானும் பார்த்து, வாங்குகிறவரையும் பார்க்கச் சொல்வார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கச் சொல்வார். தூக்கியபின் கண்ணைத் திறக்கவேண்டும். திறக்கும்போது மணி நேராகத் தெரிந்தால் பொருத்தம். கழுத்தை வளைத்துத் தேடினால் பொருத்தமில்லை. "நீங்க அவுங்களத் தேடிப் போகக்கூடாதுங்க. அவுங்களா உங்க மொகத்துக்கு வரோணும்" என்பார்.

தாரணி வந்தபோது அவளுக்குக் கெடு நெருங்கியிருந்தது. ஜூனியர் பிரிவில் அதுதான் கடைசி வருடம். அதுவரை சுடுதளச் சங்கத்துத் துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுட்டுக்கொண்டிருந்தாள். தோளில் பதிகிற அதன் மரக்கட்டை அவள் கைக்கு நீளம். மாநிலத் தேர்வில் தகுதி மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வந்து வந்து தவறவிட்டவள். இப்போது சொந்த உரிமம் கிடைத்துவிட்டது. உரிமத்தில் ஒரு துப்பாக்கிக்குத்தான் இடம். குறிப்பிட்ட காலத்துக்குள் வாங்கியாக வேண்டும். தப்பாக வாங்கினால் மாற்றுவதற்கு மறுபடி அனுமதி, மறுபடி அலைச்சல். அதற்குள் தேர்வுப் போட்டி முடிந்து, ஜூனியர் வயதும் முடிந்துவிடும்.

அவளோடு அவள் தாய்மாமன் நாச்சிமுத்துவும் வந்தார். தாரணியின் அப்பாவுக்குப் பம்பு செட் வார்ப்படக் கம்பெனி. "மச்சான் சரின்னா எனக்குஞ் சரி" என்று போனிலேயே சொல்லிவிட்டார். அந்த மச்சான் கோபி பக்கத்து விவசாயி. வருடா வருடம் அந்தியூர் சந்தைக்குப் போய் மாடும் குதிரையும் பார்ப்பவர். அவர் தடவிப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அவர்கள் சுற்று வட்டாரத்தில் ஒரு கன்றுக்குட்டிகூடக் கைமாறாதாம்.

சார் இரண்டு மாடல்களை மேசைமேல் வைத்தார். ஒன்று முப்பத்திரண்டு அங்குலக் குழல். கனமானது, முன்பக்கம் இழுக்கும். கட்டை நேர் வரி ஓடிய மரம். மற்றது முப்பது அங்குலம். எடை நடுவில் நிற்கும். கட்டையின் மேல்பகுதியில் கன்னம் பதிகிற இடத்தைத் தனித் துண்டாக அறுத்து, இரண்டு தண்டுகள்மேல் ஏற்றி இறக்கும்படி வைத்திருந்தார்கள். கன்னக்கட்டை என்போம். ஆளுக்குத் தக்கபடி உயர்த்தி, பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகால் இறுக்கிக்கொள்ளலாம். மரம் நல்ல அக்ரூட். எண்ணெய் போட்டுத் துடைத்தால் தேன் மாதிரி மினுங்கும். அதில் அழகான வளையம் வளையமாக வரிகள்.

தாரணி கண்ணை மூடி முதலாவதைத் தூக்கினாள். திறந்ததும் கழுத்தை நீட்டித் தேடினாள். இரண்டாவதைத் தூக்கிக் கண்ணைத் திறந்ததும் கழுத்து அசையவில்லை. அப்படியே நின்றாள்.

"மாமா, இதுதான்" என்றாள்.

நாச்சிமுத்து மாமா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் கட்டைமேல் உள்ளங்கையை மெதுவாக ஓட்டினார். வலப்புறம் ஓரிடத்தில் கை நின்றது. குனிந்து பார்த்தார். என்னிடம் டார்ச் கேட்டார். அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது வேண்டாங் கண்ணு. வெலங்கு சுழி இருக்குது."

மாடு வாங்குகிறவர்கள் உடம்பிலுள்ள மயிர்ச்சுழிகளைப் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்பது எனக்கும் தெரியும். விலங்கு சுழி காலில் இருக்கும். அந்த மாட்டை வைத்திருப்பவன் கையில் விலங்கு ஏறும் என்பது நம்பிக்கை. ஆனால் இது இத்தாலியில் செய்த துப்பாக்கி. நான் பணிவாகச் சொன்னேன்.

"ஏனுங்க, வெலங்கு சுழி கால்லதானுங்க இருக்கும்? இது கன்னம் வெக்கற எடமுங்க."

"கன்னம் அந்தப் புள்ளைக்குத்தான தம்பி? துப்பாக்கிக்கு அது பின்னங்காலு. அதத் தரைல ஊனித்தான நிக்குது?"

சுற்றிலும் பார்த்தேன். கடையில் எல்லாத் துப்பாக்கிகளும் அதைத்தான் ஊன்றி நின்றுகொண்டிருந்தன.

"மாட்டுக்கு வெலங்கு சுழி இருந்தாவே ஆவாது. இது துப்பாக்கி. கேக்கோணுமா? என்ர தங்கச்சி புள்ள ஸ்டேசனு கோர்ட்டுன்னு அலையறதுக்கா நான் தேடிப் புடிச்சு வாங்கித் தருவேன்? அந்தப் பெரிசு சுத்தமா இருக்குது பாருங்க, ஒரு சுழி கெடையாது. அத எடுத்துக்க கண்ணு."

"அது எனக்குத் தூக்கவே வர்ல மாமா."

"பழகுனா வரும். காள கூடத்தான் மொதல்ல நொகத்துக்கு வராது."

சார் டீக்காரப் பையனைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் டீ சொன்னார். பிறகு, "காங்கயங் காளைய ஓட்டிப் பாக்காம வாங்க மாட்டீங்கல்ல? ரெண்டு பேத்தையும் தளத்துக்குக் கூட்டிட்டுப் போயி நடை பாத்துக்கலாங்களா?" என்றார். மாமாவுக்கு அது நியாயமாகப் பட்டது.

சங்கத்தில் அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தளத்தில் இரண்டையும் சுட வைத்தோம். பெரியதில் அவளுக்குப் பாதித் தட்டுகள் முழுசாகத் தரை சேர்ந்தன. சின்னதில் ஒன்றிரண்டுதான் தப்பின. மாமா நாற்காலியில் உட்கார்ந்து கவனமாகப் பார்த்தார். முடிந்ததும் தலையாட்டினார்.

"நெம்ப நல்லா ஓடுது. சுழி மாடு எல்லாமே அப்புடித்தானுங்க, சந்தைல பிச்சுக்கிட்டு ஓடும். ஊட்டுக்கு வந்த பொறகுதான் வேலையக் காட்டும்."

தாரணிக்குப் பொறுமை போய்விட்டது. தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்து காட்டினாள். "இங்க பாருங்க, எனக்கே எரட்டச் சுழி. என்னைய எந்தச் சந்தைல கொண்டு போயி மாத்துவீங்க?"

மாமா அந்த இரட்டைச் சுழியைப் பார்த்தார். "உன்னைய நாங்க வாங்குல கண்ணு. நீயா வந்த" என்றார்.

 உரிமத்தின் கெடுவுக்குச் சில நாட்களே இருந்தன. அவளுக்கு அழுகை வரும் போலிருந்தது. சார் அந்தச் சின்னத் துப்பாக்கியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாமா விரல் வைத்த சுழி, கட்டையும் கன்னக்கட்டையும் சேருகிற வெட்டின் குறுக்கே இருந்தது. பாதி மேல் துண்டில், பாதி கீழ்க் கட்டையில்.

"ஏனுங்க," என்றார் சார், "சுழி ஒடஞ்சா கணக்குல வருங்களா?"

"ஒடையறதுன்னா?"

சார் திருகைத் தளர்த்தி, கன்னக்கட்டையை மேலே தூக்கிக் காட்டினார். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் விலகி, வளையம் தொடர்ச்சியில்லாமல் நின்றது. மாமா வெகுநேரம் உற்றுப் பார்த்தார். அவர் அனுபவத்தில் எந்த மாட்டுக்கும் காலை இரண்டாக அறுத்துத் தூக்க முடிந்ததில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அந்தியூர்க் குதிரைத் தரகர் ஒருவரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏப்பா, சுழி ரெண்டாப் பொளந்து, ஒரு பாதி மேல ஏறிப்போச்சுன்னா எப்புடி?"

"எந்தக் குதிரைங்ணா?"

"இத்தாலிக் குதிர."

மறுமுனையில் தரகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அங்கெல்லாம் அப்புடி வருதுங்களாண்ணா? ரெண்டு பாதியும் ஒண்ணையொண்ணு பாத்துக்காம இருந்தா அது சுழியில்லீங்ணா. வெறும் மசுரு."

தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று பார்க்காமல் இருக்க எவ்வளவு தூக்கவேண்டும் என்பதில் மாமா கறாராக இருந்தார். சார் அவள் முகத்துக்குச் சரி என்று நிர்ணயித்த உயரத்தில் அவருக்குத் திருப்தியில்லை. "இன்னஞ் சாடையாப் பாத்துக்குது, இன்னஞ் சித்த ஏத்துங்க" என்று ஏற்றிக்கொண்டே போனார். கடைசியில் நின்ற இடம், சாரின் அளவுக்குமேல் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிய உயரம். சார் திருகை இறுக்கிவிட்டு என் பக்கம் திரும்பி, "மேல சுடுவாங்க. பாக்கலாங்க" என்று மட்டும் சொன்னார்.

மேலேதான் சுட்டது. வெள்ளையடித்த இரும்புத் தகட்டில் சுட்டுப் பார்த்தபோது ஈய ரவைக் கூட்டம், மணி காட்டிய இடத்துக்கு நன்றாக மேலே விழுந்தது. கண் உயர்ந்தால் அப்படித்தான் ஆகும். தம்பிகள் தங்கைகளுக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மேலே சுடும் துப்பாக்கி என்றால், பறக்கும் தட்டை மணியால் மறைக்கக்கூடாது. மணிக்கு மேலே தட்டு தெரியும்படி விட்டுச் சுடவேண்டும். தாரணிக்கு அதுவரை இருந்த ஒரே குறை, குழலால் தட்டை மறைத்துவிட்டு, தட்டு எங்கே என்று தலையைத் தூக்கிப் பார்ப்பதுதான். தலை தூக்கிய கணம் தட்டு தப்பிவிடும். இப்போது தட்டு எப்போதும் கண்ணில் இருந்ததால் தலை தூக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இரண்டு வாரத்தில் பழகிவிட்டாள். நான் இயற்பியல் படித்தவன். இது உயரத்தால் நடந்தது என்று எனக்குத் தெரியும். அந்த உயரத்துக்கு நாங்கள் போனது சுழியால்தான் என்பதையும் நான் மறுக்க முடியாது.

தேர்வுப் போட்டியன்று மாமா குதிரைப் பந்தயம் பார்க்கிற பைனாகுலரோடு வந்து, கயிற்றுக்கு வெளியே முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். நானும் சாரும் பக்கத்தில். தாரணி கடைசிச் சுற்றுக்குப் போகும்போது, அதில் நாலு தட்டுகளுக்குமேல் விடாமல் இருந்தால் தகுதி என்ற நிலை. ஒன்றை மட்டும் விட்டு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவள், பாதிச் சுற்று தாண்டியதும் அடுத்தடுத்து மூன்று தட்டுகளைக் கோட்டைவிட்டாள். கணக்கு தீர்ந்துவிட்டது. இன்னும் ஒன்று போனால் அவ்வளவுதான். எனக்குக் காற்று மாறிவிட்டதோ என்று தோன்றியது. அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை. துப்பாக்கியை மடக்கிக் கைமேல் போட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்தாள்.

மாமா கண்ணிலிருந்து பைனாகுலரை இறக்காமலே எழுந்தார்.

"நிறுத்துங்க! கண்ணு, சுழி சேந்துபோச்சு! சுழி சேந்துபோச்சு!"

தளமே திரும்பிப் பார்த்தது. நடுவர் சென்னைக்காரர். "யார் சார் அது? என்ன சேந்துச்சு?" என்றார். தாரணி மட்டும் குனிந்து கட்டையைப் பார்த்தாள். உடனே கையைத் தூக்கி, துப்பாக்கிக் கோளாறு என்று அறிவித்தாள்.

திருகு அதிர்வில் தளர்ந்து, கன்னக்கட்டை கீழே இறங்கியிருந்தது. அதனால்தான் ரவை தட்டுகளுக்குக் கீழே போயிருக்கிறது. சரிசெய்யச் சில நிமிடங்கள் கொடுத்தார்கள். திருகுச் சாவி அவள் பையிலேயே இருந்தது. ஆனால் எவ்வளவு உயரம் வைப்பது? அளவுகோல் காரில். அவள் பதற்றத்தில் ஏற்றுவதும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதுமாக இருந்தாள். கயிற்றைத் தாண்டி யாரும் போகக்கூடாது. அந்த உயரத்தைக் கண்ணிலேயே வைத்திருந்த ஆள் ஒருவர்தான். அவர் பைனாகுலரோடு கயிற்றில் சாய்ந்துகொண்டு கத்தினார்.

"ஏத்து... இன்னஞ் சித்த... பாத்துக்குது, பாத்துக்குது... ஏத்து... ஆங், இப்ப மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. இறுக்கிப்போடு!"

இறுக்கினாள். மீதித் தட்டுகள் ஒன்றுகூடத் தரைக்கு முழுசாக வரவில்லை. கடைசித் தட்டு கரும்பொடியாகச் சிதறியபோது சார் முதல்முறையாக என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

சந்தோஷப்பட நேரம் கிடைக்கவில்லை. இன்னொரு போட்டியாளரின் அப்பா எழுந்துபோய் ஆட்சேபம் தெரிவித்தார். சுற்றின் நடுவில் வெளியாள் தொழில்நுட்ப யோசனை சொல்லக்கூடாது என்று விதி. பார்வையாளர் ஒருவர் துப்பாக்கியை எப்படி அமைப்பது என்று கத்திச் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள், ஆகவே அந்தச் சுற்றை ரத்து செய்யவேண்டும் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ரத்தானால் தாரணிக்கு அந்த வருடமும் இல்லை, அதன்பின் ஜூனியரும் இல்லை.

ஷாமியானாவுக்குள் மூன்று பேர் கொண்ட நடுவர் குழு உட்கார்ந்தது. மாமாவைக் கூப்பிட்டார்கள். தாரணி கையைப் பிசைந்துகொண்டு ஓரமாக நின்றாள்.

"நீங்க துப்பாக்கியப் பத்தி யோசனை சொன்னீங்களா?"

"எனக்குத் துப்பாக்கியப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க. நான் சுழியப் பத்தித்தான் சொன்னனுங்க."

குழுத் தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் சுழி இல்லை. "யாராவது இதை விளக்குங்க" என்றார். சார் என்னைக் காட்டி, "தம்பி சயின்ஸ் படிச்சிருக்கறாருங்க" என்றுவிட்டார்.

நான் முன்னால் போய் நின்றேன். தலைவர் கேட்டார்: "மரத்துல இருக்கற சுழிக்கும் சுடறதுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? யோசிச்சுச் சொல்லுங்க."

பக்கத்தில் மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உண்மையைச் சொன்னேன். "சுழிக்கும் சுடறதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லீங்க சார். அது ஒரு நம்பிக்கைங்க."

மாமாவின் முகம் சிவந்தது. "யார்ரா சொன்னது..." என்று ஆரம்பித்தவர், தாரணியைப் பார்த்து நிறுத்தினார்.  அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சுழிக்குச் சம்பந்தம் உண்டு என்று அவர் நிரூபித்தால், அவர் சொன்னது யோசனை ஆகிவிடும். அது அவருக்கும் அப்போதுதான் புரிந்திருக்கவேண்டும்.

தலைவர் மாமாவிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க ஐயா. இவர் சொல்றது சரியா? சம்பந்தம் இல்லையா?"

நாற்பது வருடமாக அந்தியூர்ச் சந்தையில் ஆட்கள் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மடித்துத் தோளில் போட்டார். மறுபடி எடுத்துத் துடைத்தார்.

"சம்பந்தமில்லீங்க" என்றார். "சும்மா... மரத்துல இருக்கற கோடுங்க."

குழு கூடிப் பேசிற்று. துப்பாக்கி நுட்பத்தோடு தொடர்பில்லாத, நம்பிக்கை சார்ந்த கூச்சல் என்று முடிவு செய்து, சத்தம் போட்டதற்காக மாமாவை எச்சரித்துவிட்டு, தாரணியின் மதிப்பெண் செல்லும் என்று அறிவித்தார்கள். அவள் ஓடிவந்து மாமாவைக் கட்டிக்கொண்டாள். அவர் அவள் உச்சந்தலையைத் தடவிக்கொடுத்தார்.

கார்களை நோக்கி நடக்கும்போது மாமா எங்களுக்கு முன்னால் வேகமாகப் போனார். சார் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். ஏறி உட்கார்ந்த பிறகு மாமா என்னை அருகில் கூப்பிட்டு, தாரணிக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"தம்பி, இந்தச் சமாச்சாரம் அந்தியூருக்குப் போகக்கூடாதுங்க."

"போகாதுங்க."

"அவ பேரு பேப்பர்ல வந்தா அது மட்டும் போகட்டும்" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.